ஆ காட்டு சாமி

பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதற்கு ஒரு படிப்பு இருக்கிறது, அதைப் படித்துவிட்டு ஒருத்தி அதையே தொழிலாக வைத்திருக்கிறாள் என்று சொன்னால், எங்கள் சேலம் நாமக்கல் பக்கத்தில் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேராவது கையில் கிண்ணத்தோடு ஒரு பிள்ளைக்குப் பின்னால் மொட்டைமாடி வரைக்கும் ஓடியிருப்பீர்கள். ஆகவே நாம் ஒரே கட்சி. வெட்கப்படாமல் மேலே படியுங்கள்.

போர்டில் ஒரு தட்டு

எங்கள் இடம் கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஏற்காட்டு மலைப்பாதை தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருக்கிறது. கீழே ஹார்டுவேர் கடை, மாடியில் நானும் என் உதவியாளர் ஃபர்ஸானாவும். ஒரு குட்டி மேஜை, குட்டி நாற்காலிகள், ஒரு ஸ்டவ், ஒரு எடை மிஷின். இங்கே வருகிற பிள்ளைகள் சும்மா அடம் பிடிக்கிற பிள்ளைகள் இல்லை. மூன்று நாலு பண்டங்களைத் தவிர வேறு எதைக் கண்டாலும் நிஜமாகவே பயப்படுகிற பிள்ளைகள். நம் தட்டில் யாராவது கரப்பான்பூச்சியை வைத்தால் நமக்கு எப்படி இருக்கும்? அவர்களுக்குக் கத்தரிக்காய் அப்படி. அந்தக் கத்தரிக்காயை முதலில் மேஜையில் ஓரமாக வைத்துப் பழக்குவோம். அப்புறம் தொடுவது, மோந்து பார்ப்பது, நாக்கில் வைப்பது, கடிப்பது, கடைசியில் விழுங்குவது. ஒவ்வொன்றுக்கும் வாரக்கணக்காகும். அதட்டல் கிடையாது, துரத்தல் கிடையாது, செல்போன் கிடையாது.

போர்டில் என்ன எழுதினாலும் ஜனங்களுக்குப் புரியாது என்று, ஒரு தட்டும் ஸ்பூனும் படமாகப் போட்டு வைத்தேன். அது நான் செய்த பெரிய தப்பு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஏற்காடு போகிற கூட்டம் மாடிப்படி ஏறிவந்து நிற்கும். இது குழந்தைகளுக்குச் சாப்பிடப் பழக்குகிற இடம் என்று ஃபர்ஸானா விளக்கிக்கொண்டே இருப்பாள். ஒருநாள் அவள் முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு கேட்ட ஒரு பெரியவர், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லாஞ் சரிங்க, பெரியவங்களுக்கு ரெண்டு தோசைகூடவா கெடைக்காது?"

தீவனம் மாற்றினால் போதுமா

சித்திரை வெயிலில் ஒருநாள் மோகனூர்ப் பக்கத்திலிருந்து பூபதி என்பவர் குடும்பத்தோடு வந்தார். கோழிப்பண்ணைக்காரர். கூட மனைவி கோகிலா, நாலு வயது மகன் சர்வேஷ். பையன் பால் குடிப்பான், பொரி தின்பான், ஒரே ஒரு கம்பெனியின் பிஸ்கட்டைத் தின்பான், மனசு வைத்தால் கொஞ்சம் வெறுஞ்சோறு தின்பான். அவ்வளவுதான். எல்லாம் வெளுத்த நிறம். குழம்பு ஒரு சொட்டு சோற்றில் பட்டுவிட்டால் அன்றைக்குச் சோறும் இல்லை. அப்பா பண்ணை முட்டை எந்தெந்த ஊருக்கோ லாரியில் போகிறது, மகன் வாய்க்குள் மட்டும் போகவில்லை. கையும் காலும் குச்சி குச்சியாக இருந்தன.

அவர்கள் பார்க்கிற குழந்தை டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டாராம். ஆடி முடிகிற வரைக்கும் பார்ப்போம், அதற்குள் எடை ஏறாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் சாப்பாடு இறக்க வேண்டும். அந்தக் குழாய் எப்படி இருக்கும் என்று கோகிலா செல்போனில் தேடிப் பார்த்திருக்கிறாள். பார்த்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. என்னிடம் இதைச் சொல்லும்போது, தன்னை அறியாமல் மகனின் மூக்கைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

பூபதிக்கு அழுகை வராது, கேள்வி வரும். தீவன மூட்டை நிறுக்கிற தராசில் மகனைக் காலையும் மாலையும் ஏற்றிப் பார்க்கிறாராம். தராசைக் கண்டாலே அவன் ஓடி ஒளிகிறான் என்பதையும் அவன்மேல் ஒரு குற்றமாகச் சொன்னார். பண்ணையில் தீவனத்தை மாற்றினால் சீக்கிரமே பலன் தெரிந்துவிடும், உங்கள் முறையில் எப்போது தெரியும் என்று கேட்டார். கோழி வேறு, குழந்தை வேறு என்று நான் ஆரம்பத்திலிருந்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார், நன்றாகத் தலையாட்டினார், பிறகு சொன்னார்: "என்ர பண்ணையில அத்தனை கோழி இருக்குதுங்க மேடம். இன்னைக்கு வரைக்கும் ஒண்ணுகூட எனக்கு இது புடிக்காதுன்னு சொன்னதில்லீங்க."

இன்ஜின் சத்தம்

திருச்செங்கோட்டுக்காரர் ஒருவர் ரிக் வண்டி வைத்திருக்கிறார். போர்வெல் போடுகிற ராட்சச லாரி. அந்த வண்டியின் கேபினில் உட்கார வைத்து இன்ஜினை ஓடவிட்டால்தான் அவர் மகள் வாயைத் திறப்பாள். என்றைக்கோ தற்செயலாக அதில் உட்கார வைத்து ஊட்டியபோது இரண்டு வாய் கூடுதலாகத் தின்றுவிட்டாளாம். அன்றிலிருந்து அந்த வீட்டில் மூன்று வேளையும் சமையலறையில் சோறு பிசைய ஆரம்பித்தவுடன் வாசலில் இன்ஜின் உறுமும். என்னைப் பார்க்கவும் அதிலேயே வந்தார்கள். ரோட்டில் அது வந்து நின்றதும், கீழே ஹார்டுவேர் கடைக்காரர் தன் வாசலில் போர் போடப்போகிறார்கள் என்று நினைத்து என்னிடம் சண்டைக்கு வந்துவிட்டார்.

பெண்ணை மேலே கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தேன். தட்டைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்தாள். அப்பா சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அந்த வீட்டில் யார் யாரைப் பழக்கியிருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. இன்ஜின் இல்லாமல் சாப்பிட வைக்கலாம், சில வாரம் பிடிக்கும் என்றேன். அவர் வெகுநேரம் யோசித்தார். யோசித்து ஒரு சமாதானத் திட்டம் சொன்னார்: "ஏனுங்க மேடம், பழைய இன்ஜின் ஒண்ணு ஷெட்டுல சும்மா கெடக்குது. அதைய ஊட்டுக்குள்ள எறக்கி வெச்சுட்டா, ஒவ்வொரு வேளைக்கும் வண்டி வரோணும்னு இல்லீங்களே?"

நினைக்கிற அளவு

எடப்பாடியிலிருந்து ஒரு அம்மா வந்தாள். மகன் சாப்பிடுவதே இல்லை என்று அழுதாள். அவள் அழுதுகொண்டிருந்த நேரத்தில் பையன் ஃபர்ஸானாவின் டிபன் பாக்ஸைத் திறந்து தக்காளிச் சோற்றை முடித்துவிட்டு, குட்டி மேஜையில் வேறொரு பிள்ளை தொடப் பயந்துகொண்டிருந்த மாம்பழத் துண்டையும் எடுத்துத் தின்றுவிட்டான். இவனுக்கு ஒரு குறையும் இல்லை, கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "திங்கறான் மேடம், நான் இல்லைங்கல. ஆனா நான் நெனைக்கற அளவுக்குத் திங்க மாட்டீங்கறான்!"

அத்தையின் முந்தானை

சர்வேஷ் வீட்டுக்கு நான் சொல்லி அனுப்பியது ரொம்பக் கொஞ்சம். பிஸ்கட்டும் பாலும் உண்டு, ஆனால் சாப்பாட்டு நேரத்தில், சாப்பாட்டோடு சேர்த்து, உட்கார்ந்து. அரை மணி ஆனால் தட்டை எடுத்துவிட வேண்டும். நடுவில் ஒன்றும் கூடாது. யாரும் கெஞ்சக் கூடாது, மிரட்டக் கூடாது. தராசைத் தீவன மூட்டைக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கோகிலா இதை விரதம் மாதிரி கடைப்பிடித்தாள். வாரா வாரம் பஸ்ஸில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆனால் பையனுக்குப் பசி என்பதே வரவில்லை. எடையும் அசையவில்லை. வைகாசி போய் ஆனி வந்துவிட்டது. கோகிலா என் முகத்தைப் பார்த்தே எடை என்ன என்று தெரிந்துகொள்ள ஆரம்பித்தாள்.

கண்டுபிடித்தது ஃபர்ஸானாதான். பையனின் டவுசர் பையைத் தட்டினாள், பிஸ்கட் தூளாகக் கொட்டியது. விஷயம் இதுதான். பண்ணைக்குப் பக்கத்து வீட்டில் பூபதியின் அக்கா இருக்கிறார். முட்டை அடுக்குகிற ரூமுக்குப் பின்னால் மருமகனைக் கூட்டிப்போய், முந்தானையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து எடுத்து நாள் பூராவும் கொடுத்திருக்கிறார். கோகிலாவுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்ததும் அதே அக்காதான். எனக்கு வந்த ஆத்திரத்தில் நேராகவே போன் போட்டேன். அவர் குரலில் ஒரு கூச்சமும் இல்லை: "பெத்தவ குடுத்தா வாயத் தொறக்க மாட்டீங்கறான், நான் குடுத்தா மளமளன்னு திங்கறானுங்க. நாயமாப் பாத்தா நீங்க வாங்கற சம்பளத்த எனக்குத்தானுங்க தரோணும்!"

போன் இல்லாமல்

சேலத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற குடும்பம் ஒன்று. மூன்று வயதுப் பெண். ஒருவர் செல்போனைப் பிடித்துக்கொள்வார், ஒருவர் வாய் திறக்கிற நேரம் பார்த்துச் சோற்றைத் திணிப்பார், சித்தப்பா டான்ஸ் ஆடுவார். சித்தப்பாவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் ஆட வெட்கப்பட்டு நின்றுவிட்டார். அதனால்தான் என்னிடம் வந்தார்கள். போன் ஓடும்போது உங்கள் பெண்ணுக்குத் தான் என்ன தின்கிறோம் என்றே தெரியாது, தெரியாமல் தின்றால் எந்த ருசியும் பழகாது என்று பாடம் நடத்தினேன். முதல் வேலையாக, வீட்டில் எல்லோரும் சாப்பாட்டு நேரத்தில் போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள் என்றேன்.

பெண்ணின் அம்மா சரி என்றாள். சித்தப்பா ரொம்பச் சந்தோஷமாகச் சரி என்றார். அப்பாதான் அதுவரை தலையைக் குனிந்து போனில் எதையோ மேலே தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தவர், திடுக்கிட்டு நிமிர்ந்தார். முகத்தில் நிஜமான கவலை. "போன் இல்லைன்னா நான் எப்படி மேடம் சாப்பிடறது?"

மஞ்சள் கரு

அத்தையின் முந்தானைக்குப் பூட்டுப் போட்ட பிறகு சர்வேஷுக்குப் பசி எடுக்க ஆரம்பித்தது. அவன் உலகம் வெள்ளை என்பதால் நான் வேகவைத்த முட்டையின் வெள்ளையைத் தேர்ந்தெடுத்தேன். முதலில் தோலோடு முழு முட்டையை மேஜையில் உருட்டி விளையாடினோம். முட்டைக்கு மீசை வரைந்தோம். அப்புறம் தோலை உரிக்கிற வேலையை அவனுக்கே கொடுத்தேன். வழவழப்பு கையில் பட்டதும் முதல்நாள் அலறினான், அடுத்தடுத்த வாரங்களில் பழகிவிட்டான். கோகிலாவைக் கதவுக்கு வெளியே உட்கார வைத்திருந்தேன். உள்ளே இருந்தால் அவள் வாய் தானாக "ஆ காட்டு சாமி" என்று சொல்லிவிடும். நிறுத்த முடியவில்லை மேடம் என்று அவளே ஒத்துக்கொண்டு வெளியே போனாள்.

ஆனி முடிகிற சமயம், நானும் ஃபர்ஸானாவும் அவனைப் பார்க்காத மாதிரி வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தபோது, நகத்தளவு வெள்ளைத் துண்டை எடுத்து வாயில் போட்டு மென்று விழுங்கினான். அப்புறம் இன்னொன்று. எனக்கு இந்தத் தொழில் பிடிக்கிற நாட்கள் ரொம்பக் கம்மி. அன்றைக்குப் பிடித்தது. கதவைத் திறந்து கோகிலாவிடம் சொன்னபோது அவள் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதாள், சத்தம் கேட்டு மகன் பயந்துவிடுவானே என்று. அடுத்த இரண்டு வாரத்தில் எடையும் கொஞ்சம் ஏறியது. பூபதிக்கு நானே போன் போட்டேன். ஒரு முழு முட்டையின் வெள்ளையைச் சாப்பிட்டுவிட்டான் என்றேன். இப்போதாவது அவருக்கு அழுகை வந்துவிடும் என்று நினைத்தேன். பிறகு கேட்டார்: "ரொம்ப சந்தோசமுங்க மேடம். அந்த மஞ்சக்கருவ என்ன பண்ணுனீங்க, வேஸ்ட் பண்ணிப்போடலையே?"

கிடா விருந்து

ஆடி பிறந்து கொஞ்ச நாளில் பூபதி என்னைக் கிடா விருந்துக்கு அழைத்தார். குலதெய்வம் கருப்பணசாமிக்கு ஏதோ பழைய நேர்த்திக்கடன் என்று நினைத்து, நானும் ஃபர்ஸானாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனோம். ஊர் எல்லையிலேயே ஃப்ளெக்ஸ் பேனர் நின்றது. அதில் ஆளுயரத்துக்கு சர்வேஷ், கையில் ஆளுயரத்துக்கு ஒரு முட்டை. "முட்டை சாப்பிட்ட எங்கள் முத்தே!" என்று கொட்டை எழுத்து. கீழே வட்ட வட்டமாகச் சொந்தக்காரர்களின் படம். நடுவில் என் படம். என் வாட்ஸ்அப்பிலிருந்து எடுத்திருக்கிறார்கள், கருப்புக் கண்ணாடி போட்டது. காரிலேயே திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தேன், அதற்குள் மாலையோடு வந்துவிட்டார்கள்.

யாரும் பார்க்கக் கூடாது, யாரும் பேசக் கூடாது, யாரும் மெச்சக் கூடாது என்று நான் மாதக்கணக்காகச் சொன்னது எல்லாம் அந்தப் பந்தலில் தலைகீழாக நடந்தது. பையனைப் பட்டு வேட்டி கட்டி, நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். எதிரில் தலைவாழை இலை. அதில் கறிக்குழம்பு ஓடியது, அந்தக் குழம்பில் முட்டை மிதந்தது. சுற்றிலும் ஊர் ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அத்தை முட்டையைப் பிட்டு வாய்க்கு நேராக நீட்டினார். "ஆ காட்டு சாமி!" என்று ஆரம்பித்து வைத்தது பூபதி. பந்தல் முழுக்க அதையே திருப்பிச் சொன்னது. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போவதற்குள் பையன் வாந்தி எடுத்துவிட்டான். எடுத்துவிட்டு இறங்கி ஓடிப்போய்த் தண்ணி லாரிக்கு அடியில் புகுந்துகொண்டான். கோகிலா பட்டுப்புடவையோடு மண்ணில் படுத்து அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

நானும் குனிந்து லாரிக்கு அடியில் பார்த்தேன். காதைப் பொத்திக்கொண்டு, பல்லை இறுகக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. அந்த நேரம் பார்த்து யாரோ என் தோளைத் தொட்டார்கள். நல்லி எலும்பை உறிஞ்சிக்கொண்டு ஒரு உறவுக்காரர். "மேடம், எம்பையன் கறிய உட்டா வேற ஒண்ணுந் திங்க மாட்டீங்கறானுங்க. நாளைக்குக் கூட்டியாரட்டுங்களா?"

உட்காராத மேஜை

அதற்குப் பிறகு சர்வேஷ் முட்டையை விட்டான், சோற்றை விட்டான், பிஸ்கட்டையும் விட்டான். பால் மட்டும்தான், அதுவும் பாதி. ஏறிய எடை இறங்கிவிட்டது. ஆடி முடிய ரொம்ப நாள் இல்லை. குழாய்க்கு எந்த ஆஸ்பத்திரி நல்லது என்று பூபதி விசாரிக்க ஆரம்பித்துவிட்டார் என்று கோகிலா போனில் சொன்னாள். நானும் ஃபர்ஸானாவும் மத்தியானச் சாப்பாட்டு நேரமாகப் பார்த்து அவர்கள் வீட்டுக்குப் போனோம். நல்ல பெரிய வீடு. கல்யாணத்துக்குச் சீராக வந்த சாப்பாட்டு மேஜை ஒன்று இருந்தது, அதன்மேல் முட்டை அட்டைகள் அடுக்கியிருந்தன. பூபதி டிவிக்கு முன்னால் சாப்பிட்டு எழுந்தார். சர்வேஷைத் தனியாக உட்கார வைத்துக் கோகிலா கிண்ணத்தோடு குந்தினாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அத்தை வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் மேற்பார்வை பார்த்தார். நீங்கள் எப்போது சாப்பிடுவீர்கள் என்று கோகிலாவைக் கேட்டேன். எல்லாரும் ஆனப்பறமுங்க என்று சிரித்தாள். எங்கே என்றேன். சமையலறையில், பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில், நின்றுகொண்டு. அதைக் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. இந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்து தன் அம்மா சாப்பிடுவதைப் பார்த்ததே இல்லை. அவனுக்குத் தெரிந்து சாப்பாடு என்பது, சுற்றி நின்று எல்லோரும் அவனுக்கு மட்டும் செய்கிற ஒரு காரியம்.

முட்டை அட்டைகளை நானே எடுத்துக் கீழே வைத்தேன். ஃபர்ஸானா நாற்காலிகளைத் துடைத்தாள். கோகிலாவை உட்காரச் சொல்லி, சூடாகச் சோறும் குழம்பும் வேகவைத்த முட்டையும் அவள் தட்டில் போட்டேன். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள், ஆனால் அவனைப் பார்க்கக் கூடாது, சாப்பிடுங்கள் என்றேன். எல்லோரும் பார்க்க உட்கார்ந்து சாப்பிட அவளுக்குக் கை கூசியது. இரண்டு வாய்க்குப் பிறகு கூச்சம் போய்விட்டது. காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. மூன்றாவது வாயிலிருந்து எங்களை மறந்தாள், பிறகு மகனையும் மறந்தாள். நடிப்பு இல்லை, அப்படி ஒரு பசி. மறுசோறு கேட்டு வாங்கினாள். சர்வேஷ் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கையை நீட்டி அவள் தட்டிலிருந்து குழம்பு படாத வெள்ளையாக ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டுக்கொண்டான். பூபதி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். ஃபர்ஸானா அதைப் பிடுங்கிக்கொண்டு அவர் கையில் சோற்றுக் கரண்டியைக் கொடுத்தாள்.

அந்த வீட்டில் அத்தனை பேர் வாயை மூடிக்கொண்டிருந்தது அதுவே முதல் தடவையாக இருக்கும். பையன் மூன்று நாலு துண்டு தின்றுவிட்டு இறங்கி விளையாடப் போனான். அவன் தலை மறைந்ததும் அத்தையால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "ஏனுங்க, நீங்க பையனுக்கு வைத்தியம் பாக்க வந்தீங்களா, இல்ல எந்தம்பி பொண்டாட்டிக்கு எடம் புடிச்சுக் குடுக்க வந்தீங்களா?"

ஆவணி

நல்லவிதமாகச் சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் சர்வேஷ் இன்றைக்கும் காய் தொட மாட்டான், மஞ்சள் கருவைத் தட்டில் வைக்கவே பேரம் பேச வேண்டும். ஆனால் அந்த மேஜையில் மறுபடி முட்டை அட்டை ஏறவில்லை. மத்தியானம் கோகிலா உட்காருவாள், பக்கத்தில் அவன் உட்காருவான். பிறகு பூபதியும் டிவியை விட்டு வந்து உட்கார்ந்தார், பரிமாற ஆள் எழுந்து வராததால் வேறு வழியில்லாமல். வெள்ளைக்கருவும் பிஸ்கட்டும் திரும்ப வந்தன, கூட இட்லி வந்தது. ஆவணி பிறந்து டாக்டரிடம் போனார்கள். எடை நிறைய ஏறவில்லை, ஏறத்தான் செய்திருக்கிறது. குழாய் இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அங்கிருந்து நேராக என்னிடம் வந்தார்கள். பூபதி உட்காருவதற்கு முன்பே, கருப்பணசாமிக்கு இன்னொரு கிடா பாக்கி இருக்கிறது என்று ஆரம்பித்தார். அப்படி நடந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று கோகிலா எங்கள் முன்னாலேயே சொன்னாள். அவள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை, அவரும் கேட்டிருக்க மாட்டார். பேச்சை மாற்றுவதற்காக, உங்கள் முகம் தெளிந்திருக்கிறதே, இப்போதாவது தூக்கம் வருகிறதா என்று அவளிடம் கேட்டேன். அவள் மகனின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "தூக்கம் வருதுங்க மேடம், சோறும் சூடாத் திங்கறனுங்க. கல்யாணமாகி வந்ததுலருந்து சோறுன்னாலே ஆறித்தான் இருக்கும்னு நெனச்சுட்டு இருந்துட்டனுங்க."

ஆக, குழந்தைகளுக்குச் சாப்பிடப் பழக்கும் நிபுணர் என்று போர்டு மாட்டியிருக்கும் நான், படித்த படிப்பையெல்லாம் திரட்டி அந்த வீட்டில் செய்து முடித்த ஒரே வைத்தியம், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பெற்றவளை உட்காரச் சொன்னதுதான்.